பென்சிலில் எழுதிய விடுமுறை

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு மாடியறை. அங்கேதான் பங்குத் தரகர் சுவாமிநாதனிடம் அப்துல் கஃபார் பத்து வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தார். வீடு திருவல்லிக்கேணியில். அவரைப் பெரிய அறிவாளி என்று சொல்ல முடியாது. தாராளமானவர் என்றும் சொல்ல முடியாது. டிராமில் கண்டக்டர் வரும்போது சட்டைப்பையைத் தடவிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். ஆனால் ஒரு வேலையை மட்டும் அவரைப்போல் யாரும் செய்ததில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வருஷத்து விடுமுறைப் பட்டியலை எழுதுவார்.

சென்னைப் பங்குச் சந்தைக்கு ஒரு பத்தி, பம்பாய்க்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று, பாங்குகளுக்கு ஒன்று. பெரிய தாளில் கோடு போட்டு எழுதி, சுவாமிநாதனின் நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒட்டுவார். விற்பவர்களும் வாங்குபவர்களும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இங்கே கதவு சாத்தியிருக்கும் நாளில் பம்பாயில் திறந்திருந்தால், விலை அங்கே நடந்துவிடும். மறுநாள் இங்கே வருபவன் அது நடந்து முடிந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் மையில் இருக்கும். பிறை பார்த்து நிச்சயிக்கும் பண்டிகைகளை மட்டும் பென்சிலில் எழுதுவார், இரண்டு தேதிகளாக. பிறைச் செய்தி வந்த பிறகே ஒரு தேதியை அழித்துவிட்டு மற்றதன்மேல் மை பூசுவார். அதற்கு முன் எது என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பார்த்துட்டுச் சொல்றேன்."

நாற்பத்தாறாம் வருஷம் ஆவணியில் ரம்ஜான் பண்டிகையும் பிள்ளையார் சதுர்த்தியும் ஒரே வாரத்தில் வந்தன. சதுர்த்தி வெள்ளிக்கிழமை, மையில் இருந்தது. ரம்ஜான் புதனா வியாழனா என்று பென்சிலில் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இசக்கியம்மாள் மாடியேறி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கணவன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவன் துணி வாங்கிய பம்பாய் ஆலை ஒன்றின் பங்குகள் இருபது அவளிடம் இருந்தன. அவற்றை விற்று, கடைக்குப் பின் தெருவில் ஒரு கிரவுண்டு மனை வாங்கப் பேசியிருந்தாள். மனையில் கிணறு இருந்தது, நல்ல தண்ணீர். சனிக்கிழமை பத்திரம் பதிய வேண்டும். அன்று முழுத் தொகையும் இல்லாவிட்டால் மனைக்காரர் பாதியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஆலையின் விலை ஒரு வாரமாகத் தினம் கொஞ்சம் ஏறிக்கொண்டிருந்தது. அன்று விற்றாலே மனைக்குச் சரியாகப் போதும். இன்னும் ஒரு நாள் பொறுத்தால் பத்திரச் செலவுக்கும் சேர்ந்து கிடைக்கும். புதன்கிழமை விற்றால் சனிக்கிழமைக்குள் பணம் கைக்கு வரும். புதன்கிழமை சந்தை உண்டா என்பதுதான் கேள்வி.

"ஓய் கஃபார், நாளைக்கு மார்க்கெட் உண்டா, இல்லையா? ஒத்தை வார்த்தையில சொல்லும்" என்றார் சுவாமிநாதன்.

"பிறை தெரிஞ்சா இல்லீங்க. தெரியலைன்னா உண்டு."

"இதை எங்காத்துல பத்துப் பாத்திரம் தேய்க்கிற முனியம்மாளே சொல்லிடுவா. முப்பது வருஷமா நோன்பு பிடிச்சிண்டிருக்கீர், பண்டிகை என்னிக்குன்னு தெரியலை. எங்க பஞ்சாங்கத்தைப் பாரும். அடுத்த வருஷத்துக் கிரகணத்தை இப்பவே நாழிகைக் கணக்கா போட்டு வெச்சிருக்கான்."

"அவரை ஏன் வையுதீங்க?" என்றாள் இசக்கியம்மாள். பிறகு கஃபார் பக்கம் திரும்பினாள். "பாய், உங்களுக்கு என்ன தோணுது? அதைச் சொல்லுங்க, போதும்."

இருபத்தொன்பதாம் நோன்பு. கஃபாரின் உதடு காய்ந்திருந்தது. ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். அமாவாசை அன்று விடிவதற்கு முன்பே முடிந்திருந்தது. சூரியன் மறையும்போது பிறைக்குப் பதினாறு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவ்வளவு இளம் பிறை மனிதக் கண்ணில் படாது என்று அவர் எங்கோ படித்திருந்தார்.

"இன்னிக்குப் பிறை தெரியாதும்மா. பண்டிகை வியாழக்கிழமைதான். நாளைக்கு மார்க்கெட் உண்டு."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

சொன்னதோடு நிற்கவில்லை. ரப்பரை எடுத்துப் புதன்கிழமையை அழித்தார். வியாழக்கிழமையின் மேல் பேனாவை ஓட்டினார். "அப்படிச் சொல்லும்!" என்று சுவாமிநாதன் தொடையைத் தட்டிக்கொண்டார். இசக்கியம்மாள் பங்குப் பத்திரங்களை மறுபடி மஞ்சள் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

மாலையில் கஃபார் கடற்கரைக்குப் போனார். மேற்கே கோட்டை மதில்போல மேகம். மணலில் நின்றவர்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நோன்பு திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டார். இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனபோது அங்கே ஒருவரை ஒருவர் தழுவிக்கொண்டிருந்தார்கள். வெளியூரில் இரண்டு பேர் பிறையைக் கண்டதாகச் சாட்சி சொல்லியிருந்தார்கள், சாட்சி ஏற்கப்பட்டது, விடிந்தால் பண்டிகை.

மனைவி ஜைதூன் பீ வாசலிலேயே கேட்டாள்: "இன்னா, பெருநாள் சேதி கொண்டாந்த மனுசன் மூஞ்சா இது?"

கஃபார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அந்தச் சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று அவர் அப்போதும் நினைக்கவில்லை, பிறகும் சொன்னதில்லை. வானத்தைப் பற்றி அவர் போட்ட கணக்கு சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இசக்கியம்மாள் கேட்டது வானத்தைப் பற்றி அல்ல, நாளைக்குச் சந்தை உண்டா என்று. அந்த நாள் பஞ்சாங்கத்தில் தீர்வதில்லை. யாரோ பார்க்க வேண்டும், பார்த்ததைச் சொல்ல வேண்டும், சொன்னதைப் பிறர் நம்ப வேண்டும். இது தெரிந்துதான் அவர் இத்தனை வருஷம் பென்சிலைப் பிடித்திருந்தார். ஒரு கேலியைப் பொறுக்க முடியாமல் அன்று அதைக் கீழே வைத்தார்.

பம்பாயில் பிறை தெரியவில்லை. அங்கே பண்டிகை வியாழக்கிழமை என்றானது. ஆகவே புதன்கிழமை பம்பாய்ச் சந்தை திறந்திருந்தது, சென்னை மூடியிருந்தது. பிற்பகல் கஃபார் புதுச் சட்டையோடு சுவாமிநாதன் வீட்டுக்குப் போனபோது தந்தி வந்திருந்தது. ஆலைப் பங்குகள் சரிந்திருந்தன.

"பண்டிகையும் அதுவுமா நீர் ஏன் ஓடி வந்தீர்?" என்றார் சுவாமிநாதன். குரலில் கேலி இல்லை. "அந்த அம்மாகிட்ட நாளைக்குப் போய் நானே சொல்லிக்கறேன்."

"நான் சொன்னதுங்க. நான்தான் போகணும்."

இசக்கியம்மாள் அவரை உட்காரச் சொன்னாள். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"பண்டிகைச் சாப்பாடு ஆச்சா, பாய்?"

"இல்லைம்மா."

"போய்ச் சாப்பிடுங்க. வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாக."

அவள் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று கஃபார் பின்னால் ஒருமுறை சொன்னார்.

வியாழக்கிழமை சென்னைச் சந்தை பம்பாய் விட்ட இடத்தில் திறந்தது. வேறு வழியில்லாமல் விற்றார்கள். சனிக்கிழமை இசக்கியம்மாளின் பெயரில் பதிந்தது அரை கிரவுண்டு. கிணறு மற்றப் பாதியில் இருந்தது. அதை வாங்கியவர் நடுவே சுவர் எழுப்பினார். அவள் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு, காலையில் குடத்தை எடுத்துச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், தனக்கு வரவேண்டியிருந்த கிணற்றில் கேட்டுத் தண்ணீர் இறைத்தாள். கஃபார் வேலையாகத் தியாகராய நகர் போகும்போதெல்லாம் வேறு தெரு வழியாகப் போனார்.

அடுத்த ஜனவரியில் பட்டியல் எழுதினார். ரம்ஜானுக்கு ஆகஸ்டில் திங்கள், செவ்வாய் இரண்டும் பென்சிலில். ஆனால் அந்த ஆகஸ்டில் அதற்கு முன்னாலேயே, எந்தப் பட்டியலிலும் யாரும் எழுதி வைக்காத ஒரு விடுமுறை வந்தது, பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை. அதை அவர் மூலையில் இடம் பார்த்துச் சேர்த்தார்.

அப்போதெல்லாம் சனிக்கிழமையும் சந்தை உண்டு. மறுநாள் சனிக்கிழமை காலை, தெருவில் கொடித் தோரணங்கள் இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தபோது, இசக்கியம்மாள் மாடியேறி வந்தாள். கணவன் பெயரிலிருந்து மாறாமல் இழுபறியாய்க் கிடந்த ஐந்து பங்குகள் அவள் பெயருக்கு வந்திருந்தன.

"கிணறு வெட்ட ஆள் பேசியிருக்கேன். வியாழக்கிழமை கடப்பாரையோட வாரான், முன்பணம் கொடுக்கணும்" என்றாள். சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். "விலை ஏறும்னு சொல்லுதாக. திங்கக்கிழமை மார்க்கெட் உண்டா, பாய்?"

சுவாமிநாதன் செய்தித்தாளைத் தாழ்த்தினார். மறுபடி உயர்த்திக்கொண்டார்.

"தெரியாதும்மா" என்றார் கஃபார்.

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுது. அதை நம்பி நீங்க எதையும் செய்யாதீங்க."

அவள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு நாளும் லீவுன்னே வச்சுக்கிடுதேன். இன்னைக்கே வித்துருங்க."

மஞ்சள் பையைத் திறந்து பத்திரங்களை மேஜைமேல் வைத்தாள். கஃபார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மைக்கூட்டைத் திறந்து, விற்பனைச் சீட்டில் அவள் பெயரை எழுத ஆரம்பித்தார்.