ஆற்றங்கரையில் மூன்று நாள்

இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவளுக்கு அந்தக் குரல் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஆற்றங்கரையில் திருப்பயணிகள் தங்கும் விடுதியைப் பங்குச்சாமியார் அவளிடம் ஒப்படைத்தபோது, "இங்க கத்தாம நடத்துவீங்களா?" என்று கேட்டார். "கத்தினாதான் நடக்கும் ஃபாதர்," என்றாள். அன்றிலிருந்து ஊருக்கும் வழிப்போக்கருக்கும் அவள் கண்டக்டரம்மா.

விடுதியில் பன்னிரண்டு இரண்டடுக்குக் கட்டில்கள். வாசலில் செருப்பு அடுக்கும் பலகை. அதை ஒட்டிக் கால் ஊறவைக்க உப்புத்தண்ணீர் பேசின்கள். வருகிறவர் முதலில் காலைக் காட்ட வேண்டும், பிறகுதான் பயணப் புத்தகத்தில் முத்திரை. கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே, "புனிதர் கதை உங்க ஊர்ல எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்பது அவள் வழக்கம். கேட்டதை ஒரு நோட்டில் எழுதுவாள்.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அக்கரை ஊரில் கொள்ளைநோய். புனிதர் மருந்துப் பையோடு இந்தக் கரைக்கு வந்தபோது வெள்ளம். மேலாடையைத் தண்ணீரில் விரித்து, அதன்மேல் நடந்து போய்விட்டார். அவர் கல்லறை அங்கேதான். அவர் திருநாளன்று போய்ச் சேர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் நிறைய.

அந்த வருடம் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் நடைபாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது. படகுக்காரர் படகைக் கரையேற்றிக் கட்டிவிட்டார். சாலைப் பாலம் வழியாகச் சுற்றினால் இரண்டு நாள் நடை. விடுதியில் முப்பத்தாறு பேர். அவர்களில் ஒரு கொத்தனார், செருப்பில்லாமல் ஒன்பது நாள் நடந்து வந்தவர். மகள் பிழைத்து எழுந்ததற்கான நேர்த்திக்கடன். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு படித்துறைக்கு இறங்கினார். அவர் பின்னால் நாலைந்து பேர்.

கண்டக்டரம்மா கடைசிப் படியில் குறுக்கே நின்றாள்.

"வழி விடுங்கம்மா. அவர் நடந்த ஆறு இது. என்னை விட்டுடுவாரா?"

"அவர் நடந்தார்னு யார் பாத்தது மேஸ்திரி?"

பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் அசரவில்லை. விடுதியில் கூடமாட உதவிக்கு இருந்த தன் நாத்தனாரைக் கூப்பிட்டு நோட்டை எடுத்துவரச் சொன்னாள். "நாப்பத்தோரு பேர் சொன்னதை எழுதி வச்சிருக்கேன். நாப்பது பேர் நடந்தார்ங்கறாங்க. ஒரு வயசான சிஸ்டர் மட்டும் வேற மாதிரி சொன்னாங்க. கேளுங்க." பஸ்ஸில் நிறுத்தம் சொல்லும் குரலில் வாசித்தாள்: "மூன்று நாள் இந்தக் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கரையில் சாகிறவர்களை நினைத்து அழுதார். இக்கரையில் மாட்டிக்கொண்டவர்களின் காயங்களுக்குக் கட்டுப்போட்டார். தண்ணீர் வடிந்ததும் மேலாடையைத் தலையில் சுற்றிக்கொண்டு இறங்கினார்."

"இது நீங்களா கட்டின கதை!" என்றார் கொத்தனார்.

"எது நிஜம்னு சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா இதுல நீங்க உயிரோட போய்ச் சேர்றீங்க."

"நாள் தவறிட்டா நேர்ந்துகிட்டது என்ன ஆகுறது?" என்று கேட்டார்.

"யாருக்காக நேர்ந்துகிட்டீங்களோ அவகிட்டயே கேளுங்க."

அவர் போன் போட, மகள் எடுத்தாள். ஆற்றின் இரைச்சல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். "அப்பா, தண்ணில கால் வச்சீங்கன்னா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன். ஒரு நாள் லேட்டானா புனிதர் என்ன ஊரை விட்டா ஓடிடப்போறார்?"

படித்துறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கொத்தனார் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படியே படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். கண்டக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திருநாள் இக்கரையிலேயே நடந்தது. இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட பங்குச்சாமியார் படித்துறையில் பூசை வைத்தார். அன்று பிற்பகல் சும்மா இருக்கமாட்டாமல் கொத்தனார் விடுதியின் உடைந்த துவைகல் மேடையைப் பூசிக் கொடுத்தார். மறுநாள் தண்ணீர் இறங்கியது. படகுக்காரர் நாலு நடையில் எல்லாரையும் அக்கரை சேர்த்தார்.

சாமியாருக்குத்தான் மனத்தாங்கல். "நாப்பதுக்கு எதிரா ஒண்ணை வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே," என்றார். "படகு கட்டிக் கிடக்குறப்போ அந்த ஒண்ணு போதும் ஃபாதர்," என்றாள். அவர் யோசித்தார். மறுவருடம் அச்சான வழிகாட்டித் தாளில் இரண்டு கதையும் இருந்தன. காத்திருந்த கதை மட்டும் சற்றுச் சின்ன எழுத்தில்.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. வருகிறவர்கள் கால்களைப் பேசினில் வைத்துக்கொண்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.