மாப்பிள்ளை பிடித்த கெண்டை

பெண் எடுத்த வீட்டில் மாப்பிள்ளையை யாரும் திருத்த மாட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாணமான புதிதில் ஒருநாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு பரமத்தி வேலூர்ச் சந்தைக்குப் போனேன். மாமனார் கூடவே வந்தார். சந்தை முழுவதும் சுற்றி, இரண்டு கடையில் டீ குடித்து, வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றும்போதுதான் எனக்கே தெரிந்தது. ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உங்க ஊருப் பக்கம் அப்படிப் போடுவாங்களோன்னு இருந்துட்டனுங்க" என்றார்.

இந்த மரியாதையால்தான் நான் ஒரு மீனைக் களவாடும்படி ஆயிற்று. எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசியில் நடந்தது.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைப் பக்கம். ஆழக் கிணறு, மஞ்சள், மரவள்ளி. மீன் என்றால் எங்களுக்குச் சந்தைக்கு ஓலைப்பெட்டியில் வரும் கருவாடு. அது நீந்தி நாங்கள் பார்த்ததில்லை. மனைவியின் ஊர் வேலூரை ஒட்டி. கொல்லைக்குப் பின்னால் காவிரி வாய்க்கால் ஓடும், அதைத் தாண்டினால் வெற்றிலைக் கொடிக்கால். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை, நடக்கப் பழகிய கையோடு தூண்டிலும் பழகிவிடும். என் மனைவிக்கும் அவளுடைய அண்ணனுக்கும் சின்ன வயதிலிருந்தே அதில் போட்டி.

கல்யாணத்துக்கு முந்தைய வருடம் அவள் ஒரு கெண்டை பிடித்திருக்கிறாள். சரியாக ஒரு முழம். அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்த அளவைத் தொட்டதில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் மச்சானிடமிருந்து ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. என் பெயருக்குத்தான் எழுதியிருந்தார். எங்கள் அப்பா அம்மா சுகம், மாடு கன்றுகள் சுகம், மழை எப்படி என்றெல்லாம் முறைப்படி கேட்டுவிட்டு, கடைசி வரியில் "தங்கச்சியிடம் சொல்லவும்: ஒரு முழம் நாலு விரல்" என்று முடித்திருந்தார்.

அவள் அதைப் படித்தாள். மடித்தாள். அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் மழை விட்ட சாயங்காலம் எங்கள் வாசலில் ஈசல் பறந்தால் மட்டும் வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் அதை வறுத்துத் தின்னும் ஆசை என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஈசலுக்கு வேறு உபயோகம் கிடையாது.

அவர்கள் ஊரில் உண்டு. மண்புழுவுக்கு வாய் திறக்காத பெரிய கெண்டைகூட, மழைக்கு மறுநாள் தண்ணீரில் ஈசல் விழுந்தால் மேலே வந்து கவ்வும். தூண்டிலில் தக்கை வேண்டாம், ஈயக்குண்டு வேண்டாம். முள்ளில் ஒரே ஓர் ஈசலை றெக்கையோடு கோர்த்து, நீளமான மூங்கில் குச்சியால் தண்ணீரின் மேல் மெதுவாக வைக்க வேண்டும். வீசக் கூடாது, வைக்க வேண்டும். அது தானாக விழுந்ததுபோல மிதந்து போக வேண்டும். தூண்டில் நரம்பு தண்ணீரைத் தொட்டாலே பெரிய மீன் விலகிவிடும். வருடத்தில் நாலைந்து நாள்தான் இதற்கு வாய்க்கும். கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டுக்கு வரும் நாளும் ஈசல் நாளும் ஒன்றாக அமைய வேண்டுமென்றால் யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தீபாவளிக்கு அமைந்தது. நான் மஞ்சள் மண்டியில் வேலை பார்த்தேன், கிடைத்தது இரண்டு நாள் லீவு. தீபாவளியன்று மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் வெறித்ததும் கொடிக்கால் பக்கத்துப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. மாமனாரும் மச்சானும் பானையைக் கொண்டுபோய்ப் பாதிப் பானை பிடித்து, வாயில் துணி கட்டி, சமையற்கட்டு மூலையில் வைத்தார்கள். மனைவி என்னிடம் வந்து, "ஏனுங்க, நாளைக்குக் காத்தால நான் மதகுக்குப் போவோணுமுங்க. நம்ம உச்சி நேரத்து பஸ்சுக்குப் போயிக்கலாமுங்க" என்றாள். மூன்று வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். தாராளமாக என்றேன். சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போய் அந்தப் பானையைத் திறந்தேன்.

அதில் இருப்பது இரை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. மாமியாரிடம், இதை எங்கள் வீட்டில் நெய்யில் வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் போட்டுப் பிரட்டுவோம், பிரமாதமாக இருக்கும் என்றேன். அவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படீங்களா மாப்ளே" என்று அடுப்பைப் பற்றவைத்தார். மச்சான் உள்ளே வந்தார், சட்டியைப் பார்த்தார், "மாப்ளைக்கு ஈசலுன்னா உசுருங்களாட்ட இருக்குது" என்று மட்டும் சொன்னார். மாமனார் எனக்குத் துணையாக உட்கார்ந்து, இழவு வீட்டில் காப்பி குடிக்கிற முகத்தோடு ஒரு பிடி தின்றார். நான் மூன்று தடவை வாங்கித் தின்றேன். உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றுவேறு சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த மனைவி திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். "அது நாளைக்கு வெச்சிருந்த எரைங்க" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குப் பயம் வந்தால் முதலில் கால் ஓடும். எதற்கு ஓடுகிறோம் என்று புத்தி பின்னால் வந்துதான் விசாரிக்கும். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு புற்றுக்கு ஓடினேன். உதிர்ந்த றெக்கைகள் கிடந்தன. இரண்டு கை நிறைய றெக்கையை அள்ளிக்கொண்டு வந்து நின்றேன். அதை வைத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மச்சான் அதை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பானை வாயில் கட்டியிருந்த துணியை உதறிப் பார்த்தார். மடிப்புக்குள் ஒன்பது ஈசல் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடினார்.

காலையில் மாமனார், மச்சான், மனைவி, நான் என நான்கு பேரும் வாய்க்கால் மதகுக்குப் போனோம். மழைத் தண்ணீர் கலங்கி, கரை மட்டத்துக்குச் சற்று இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. போனதும் மச்சான் முதல் குச்சியை என்னிடம் நீட்டினார். முதல் மீன் மாப்பிள்ளை கையால் வந்தால்தான் ராசி என்றார். இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறையும் மறுத்தால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடும். வாங்கினேன். வைக்க வேண்டியதை வீசினேன். முள் பின்னாலிருந்த அகத்தி மரத்தில் மாட்டியது. "அதுவும் நல்ல எடந்தானுங்க" என்றார் மாமனார். இரண்டாவது ஈசல் என் வேட்டியில் மாட்டியது. மூன்றாவதைக் கோர்க்கும்போதே நசுக்கிவிட்டேன். அதற்குள் மனைவி தீப்பெட்டியை மச்சானிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மச்சானுக்கு இரண்டு கொடுத்தாள். அவருக்கு ஒரு சாண் மீன் ஒன்று வந்தது, அவரே அதை மதிக்கவில்லை. அவள் மூன்றை மதகுக்குக் கீழே சுழிப்பு அடங்கும் இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்றையும் பொடி மீன்கள் கொத்திக் கலைத்துவிட்டன. மிச்சம் ஒன்று. அதைக் கோர்க்குமுன் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.

ஈசல் றெக்கையை விரித்தபடி மிதந்து போனது. அகத்தி மரத்தின் நிழலைத் தாண்டியது. தண்ணீர் ஒரு கிண்ணம்போல உள்வாங்கியது, ஈசலைக் காணவில்லை. குச்சி வளைந்தது. அவள் இழுக்கவில்லை. மீன் போகிற பக்கமே கரையிலிருந்து இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் இரண்டு எட்டு வைத்தாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பெண்டாட்டியை வாய்க்கால் இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான். ஏழு வயதிலிருந்து அவள் நின்ற தண்ணீர் அது. அதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. நான் குதித்தேன். அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், விட்டுவிடு, குழம்புக்கு நான் கருவாடு வாங்கித் தருகிறேன் என்று கத்தினேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கைய எடுங்க. மேல போயி உக்காருங்க. ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள்.

மூன்று வருடத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து எனக்கு வந்த முதல் உத்தரவு. மாமனார் கேட்காத மாதிரி அகத்தி மரத்தை அண்ணாந்து பார்த்தார். நான் ஏறிப் போய்க் கரைச்சரிவில் உட்கார்ந்தேன்.

அவள் மீனை நன்றாக ஓடவிட்டாள். அது ஓடிக் களைத்தபோது சரிவுப்பக்கமாக நடத்திக்கொண்டு வந்து, ஒரே இழுப்பில் கரையில் போட்டாள். விழுந்த வேகத்தில் முள் கழன்றுவிட்டது. மீன் துள்ளித் துள்ளித் தண்ணீரை நோக்கிப் போனது. அது போகிற வழியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பண்ணாதே என்று சொல்லியிருந்தார்கள், நான் ஒன்றும் பண்ணவில்லை. அது என் காலில் வந்து பளாரென்று அறைந்தது. ஓடலாம் என்று எழுந்தேன். களிமண் வழுக்கியது. குப்புற, நீட்டுவாக்கில், மீன்மேல் விழுந்தேன். வயிற்றுக்கடியில் என்னவோ உதறுகிறது, எழ முடியவில்லை, அலறினேன்.

மச்சான் என்னைப் புரட்டிவிட்டு மீனைச் செவுளில் விரல் கொடுத்துத் தூக்கினார். தன் கையிலேயே அளந்தார். ஒரு முழம் ஆறு விரல். அவர் முகம் சுருங்கியது. பிறகு என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "அப்பா, மாப்ள வெறுங்கையில புடிச்சுட்டாருங்க" என்றார்.

மாமனாருக்கும் அது நிம்மதியாக இருந்தது. மாப்பிள்ளை சேற்றில் விழுந்து அலறினார் என்பதைவிட, பாய்ந்து பிடித்தார் என்பது எல்லாருக்கும் கௌரவம். நான் இல்லை இல்லை என்றேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மனைவி நரம்பைக் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வீடு வரும் வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மாமனார் மீனைத் தூக்கிக் காட்டினார். கொடிக்கால்காரரிடம் சொல்லும்போது நான் பாய்ந்தேன். டீக்கடையில் சொல்லும்போது முங்கினேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், இரண்டாவது தடவை கேட்டபோது எனக்கு அது பிடித்திருந்தது. நாலாவது தடவைக்குத் தோளைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டேன். மனைவி எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள், யாரிடமும் நிற்கவில்லை.

பஸ்ஸுக்கு முன் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் மூன்று பேருக்கும் இலை. அவளும் மாமியாரும் பரிமாறினார்கள். மீன் பிடித்தவருக்கு நடுத்துண்டு என்று மாமியார் பெரிய துண்டை என் இலையில் வைத்தார். மனைவி குழம்பு ஊற்றினாள். ஓரத்தில் ஒழுகாமல், பக்குவமாக, விருந்தாளிக்கு ஊற்றுவதுபோல ஊற்றினாள். உண்மையைச் சொன்னால் மூன்று வருட மரியாதை போய்விடும். வாய்க்காலில் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பஸ் சீக்கிரம் வந்து தொலைக்காதா என்று வாசலைப் பார்த்தேன்.

"மாமா, நான் பாயலீங்க. பயந்து எந்திரிச்சேன், வழுக்கி உழுந்தேன். அடியில மீனு இருந்துச்சு. மீனுன்னே எனக்கு அப்பத் தெரியாதுங்க. அது அவ புடிச்சது."

"அப்படியெல்லாம் சொல்லப்படாதுங்க மாப்ள" என்றார் மாமனார், இலையைப் பார்த்தபடி.

மரியாதை அவ்வளவு கெட்டியாக இருந்தது. வேறு வழியில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து காட்டினேன். மீன் அறைந்தது, நான் எழுந்தது, கால் வழுக்கியது, விழுந்தது. அலறலையும் விடவில்லை, அதே சத்தத்தில் அலறிக் காட்டினேன். தொழுவத்தில் மாடு திரும்பிப் பார்த்தது. மச்சானுக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே சிரித்தார். மாமனார் உதட்டைக் கடித்துக் கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தார், முடியவில்லை. அந்த வீட்டில் என்னைப் பார்த்து அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரித்து முடித்து மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மிணி, நீ உக்காரு சாமி. உங்கண்ணன் பரிமாறட்டும்" என்றார்.

மச்சான் கையைக் கழுவிவிட்டு வந்து இலை போட்டார். நான் தொடாமல் வைத்திருந்த நடுத்துண்டை மாமியார் எடுத்து அவள் இலைக்கு மாற்றினார். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வரிசையாக வைத்தாள். பாதித் துண்டு தின்ற பிறகுதான் நிமிர்ந்தாள்.

"அண்ணா, எத்தன வெரலு?"

"ஆறு" என்றார் மச்சான், குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு.

"கேக்குல."

அவர் சத்தமாகச் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ என்னவென்று கேட்டார்கள். அவர்களுக்கும் ஒருமுறை சொல்லச் சொன்னாள். எனக்கு வால் துண்டு வந்தது. உச்சி பஸ்ஸை விட்டுவிட்டோம். மூன்று மணி பஸ்ஸுக்கும் அவள் அவசரப்படவில்லை.