உத்திரத்தின் பின்முனையில் உட்கார்ந்தவள்

அவளை எடைக்கல் என்று கூப்பிடுவது முதலில் எங்கள் காதில் விழுந்தது ஒரு கல்யாண வீட்டில், சொந்தபந்தமெல்லாம் போட்டோவுக்கு உட்கார்ந்தபோது. "அண்ணே, எடைக்கல்லை ஓரத்துல உக்கார வை, இல்லேன்னா பெஞ்சு தூக்கிடும்," என்றான் அவள் கொழுந்தன். முதலில் சிரித்தது அவள் புருஷன். எங்கள் பெரியப்பாவின் கடைசிப் பேத்தி அவள். பிறந்த வீட்டில் ஒருத்தர் வாயால் ஒரு சொல் கேட்டு வளர்ந்தவளில்லை.

புருஷன் மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வர்ணம் அடிப்பவன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு மர உத்திரத்தைக் குறுக்கே போடுவான். வெளியே நீட்டும் முனை குட்டை. அதில் கயிறு கட்டிப் பலகையில் தொங்குவான். உள்பக்கம் நீளம்; அதன் நுனியில் அவள் உட்கார வேண்டும். அந்த நீளத்தால்தான் அவளைவிடக் கனத்தவனை அவளால் தாங்க முடிந்தது. மணல் மூட்டை வைக்கலாமே என்று கேட்டால், "மூட்டையை யார் மேல தூக்குறது? இவ தானா நடந்து ஏறிடுவா," என்பான்.

அவள் எழுந்தால் அவன் தரையில் கிடப்பான். நடுவில் ஒதுங்க எழவேண்டி வருமோ என்று பயந்தே காலையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். வீட்டுக்கு வந்தால் மாமியார், "சும்மா உக்காந்துட்டு வர்றவளுக்கு என்ன அசதி?" என்பாள். ஒரு உயிரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் காய்வதற்குப் பேர் சும்மாவாம்.

ஒருமுறை காய்ச்சலில் கிடந்து எழுந்தாள். கன்னம் ஒட்டி, வளையல் முழங்கைவரை ஏறியது. வீட்டில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. எழுந்து நடமாடியதுமே மாடி ஏற்றினார்கள். அன்று சுவர் மூலை எட்டவில்லையென்று அவன் உத்திரத்தை வழக்கத்தைவிட வெளியே தள்ளிப் போட்டிருந்தான். பலகையில் தொங்கியபடியே பக்கத்துப் பால்கனியில் இருந்த வர்ண வாளியை எடுத்துத் தன்னருகே வைத்தான். அவளுக்கு அடியில் உத்திரம் மெல்ல எழும்பியது.

பக்கத்துத் தண்ணீர்க் குழாயில் இரண்டு காலையும் கோத்துக்கொண்டு கத்தினாள். "பால்கனிக்குள்ள போயிடுங்க, உத்திரம் தூக்குது."

"அசையாம உக்காரக்கூட நோவா உனக்கு?"

பலகை ஒரு சாண் இறங்கிய பிறகுதான் உள்ளே குதித்தான். மூச்சிரைக்க மேலே வந்தவன் கேட்டது இதுதான்: "உடம்பு இளைச்சா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?"

குழாய் உராய்ந்து அவள் கணுக்கால் தோல் உரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான், பாவி.

"கல்லு வாய் திறந்து பேசுமா?" என்றாள். "கனம்தானே வேணும்? அது உங்ககிட்டத்தான் இருக்கு. உத்திரத்தை உள்ள இழுத்துப் போட்டு உக்காருங்க. நான் இறங்குறேன்."

"உனக்கு வர்ணம் அடிக்கத் தெரியுமா?"

"உங்களுக்கு உக்காரத் தெரியுதான்னு முதல்ல பாப்போம்."

மத்தியானத்துக்குள் அவனுக்குத் தொடை மரத்துப்போயிற்று. கொஞ்சம் எழுந்துகொள்ளட்டுமா என்று கெஞ்சினான்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

இப்போது அவள் ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு வெளியே பலகையில் உட்கார்ந்து வர்ணம் அடிக்கிறாள். உத்திரத்தின் பின்முனையில் புருஷனும் இரண்டு மணல் மூட்டைகளும் இருக்கிறார்கள். மூட்டைகளை அவன்தான் மாடிக்குச் சுமந்து ஏற்றினான்.