கொட்டாஞ்சேனைக் கிடங்கு

வேனுக்குள் ஜப்பான்காரப் பெரியவர் தனாக்கா, அவருடைய மகள், மொழிபெயர்க்க நான். வழிகாட்டி வரவில்லை, அவர் எழுதிய சீட்டு மட்டும் வந்திருக்கிறது. உலக யுத்தத்தில் குண்டு விழுந்த இடங்களின் பட்டியலில் கொட்டாஞ்சேனைக்கு நேரே "கிடங்கு" என்றிருக்கிறது. எங்கள் ஊரில் கிடங்கு என்றால் குழிதான்.

கடை வாசலில் நிற்கும் மேரி அன்ரியிடம் கேட்கிறேன்.

"கிடங்கோ? இந்தா, என்ட வாசல்லதானே கிடக்குது!"

தனாக்காவின் தகப்பன் குண்டு போட வந்த விமானமொன்றில் இருந்தவராம். பெரியவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குழியின் விளிம்பில் இடுப்பு வளைய வணங்குகிறார். மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லச் சொல்கிறார். சொல்கிறேன்.

"குழாய் போடத் தோண்டிப்போட்டு ஆறு கிழமையா ஒருத்தரும் எட்டிப் பார்க்கேல்ல, தம்பி. நேற்றும் ஒரு ஆள் விழுந்தவர். இவராவது வந்தாரே!"

அப்போதுதான் எனக்கு உறைக்கிறது. சீட்டிலிருந்த கிடங்கு துறைமுகத்துப் பண்டகசாலை. தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்கிறேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தனாக்கா சிரிக்கவில்லை.

"விழுந்தவருக்கு அடிபட்டதா?"

"முழங்காலில," என்கிறார் அன்ரி.

அவர் மறுபடியும் குழியைப் பார்த்து வணங்குகிறார். பிறகு, இதை மூட எவ்வளவு என்று கேட்கிறார்.

மணல், கல், கூலி, எல்லாம் சேர்த்து எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபாய்.