தாவ்ரின் திரும்பி வந்த பக்கம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யார் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்லுவேன். அப்போது என் மகள் வதனி பக்கத்தில் நின்றால் நிலத்தைப் பார்ப்பாள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதை மறைக்க வேண்டிய தேவை எனக்கில்லை. நான் சொல்லச் சொல்ல வதனியின் மகள் ஆரணி இதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அவளுக்கு அவ்வளவாவது கொடுத்திருக்கிறது.

கனடாவின் மொன்றியலில், செயின்ட்-மிஷேலில், எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்குச் செய்தி பின்னேரம் நாலு மணிக்கு வரும். டிவிச் செய்தி இல்லை. ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்து பனிச் சப்பாத்தைக் கழற்றும்போதே, "அம்மம்மா, ராணி மெலோத் பாலத்துக்கு வரி போட்டிட்டா" என்பாள். நான் கீரையை ஆய்ந்தபடி, "கிரீடம் வைச்சவளை நம்பாதை எண்டு அப்பவே சொன்னனான்" என்பேன். "உங்களுக்கு அவவில பொறாமை." "ஓம், அந்தக் கிரீடம் இல்லாமல்தான் எனக்கு நித்திரை வரேல்லை." இல்லாத ஒரு நாட்டின் அரசியலை நாங்கள் இப்படித்தான் வருடக்கணக்காகக் கதைத்து வந்தோம். அவள் பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொல்லுவாள். அது ஒரு கதைப் புத்தகம், மொத்தம் ஏழு பாகம். எழுதுகிறவர் ஒன்றை முடித்து அடுத்ததைத் தருவதற்குள் ஆரணிக்குச் சப்பாத்து அளவு மாறிவிடும்.

கதை இதுதான். உப்பு மலையில் ஒரு சனம், கீழே கோட்டையில் ஒரு பழைய ராசா. மலைப் பிள்ளைகளை அவன் வண்டியில் ஏற்றி உப்புச் சுரங்கத்துக்கு அனுப்புவான். தாய்மார் கோட்டை வாசலில் வந்து குந்தியிருப்பார்கள். மலைப் பெட்டை மெலோத் சண்டை பிடித்து அவனை விழுத்தி ராணியாகிறாள். அவளுடைய சிநேகிதன் தாவ்ரின். எல்லாரையும் போலப் பேசிக் காட்டி, சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிக்கிற பொடியன். நாலாம் பாகத்தில், ராசா விழ முன்னம், அவனையும் வண்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆரணியும் சிநேகிதிகளும் அவனுடைய படத்தைப் பையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். "செத்திட்டான் போல" என்று ஒருநாள் சொன்னேன். "இல்லையணை அம்மம்மா. உடம்பைக் காட்டாட்டிச் சாகேல்லை. கதையில அதுதான் சட்டம்" என்றாள்.

அந்தச் சட்டம் எனக்குப் பிடித்துக்கொண்டது. என் மூத்தவன் குகனைப் பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் ஆமிக்காரர் வாகனத்தில் ஏற்றினார்கள். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது முதுகு மட்டும் தெரிந்தது. முகாம் முகாமாகப் படத்தோடு நடந்தேன். "வீட்டை போங்கோ அம்மா, அவன் இல்லை" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு வந்து அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தேன். வதனி என்னை இங்கே எடுப்பித்தபோது அந்தப் படத்தைச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன். அது டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. சாமித் தட்டில் இல்லை. மாலை இல்லை, பொட்டு இல்லை. உயிரோடு இருக்கிறவனின் படத்துக்கு எங்களில் யாரும் மாலை போடுவதில்லை.

இந்தக் குளிர் தொடங்கியபோது வதனி என் பக்கத்தில் வந்திருந்தாள். "அம்மா, அண்ணாவுக்கு ஒரு நாள் பாத்து அந்தியேட்டிக் கிரியை செய்வம். நானும் களைச்சுப் போனன். நீங்கள் போனாப் பிறகு நான் ஆரைக் கேட்டுச் செய்யிறது?" அவள் அழுதிருந்தால் ஏசியிருப்பேன். அவள் அழவில்லை. "ஏழாம் பாகம் வரட்டும், சொல்லுறன்" என்றேன். எனக்கு மூளை பிசகிவிட்டதோ என்று பார்த்தாள். நான் சும்மா சொல்லவில்லை. தாவ்ரின் வந்தால் குகனின் படத்தில் கை வைக்க விடுவதில்லை என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

புத்தகம் வந்த நாள் ஆரணியோடு நானும் கடைக்குப் போனேன். கடுதாசிக் கிரீடம் வைத்த பிள்ளைகள் குளிரில் வரிசையாக நின்றார்கள். காசு வாங்கின பெட்டை என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். "கதையில உங்களுக்கு ஆரைப் பிடிக்கும் எண்டு கேக்கிறா" என்றாள் ஆரணி. "தாவ்ரின்" என்றேன். அந்தப் பெட்டையின் முகம் வாடிப்போனது. நெஞ்சில் கையை வைத்து, "ஓ, மதாம்" என்று என் கையைப் பிடித்தாள். வயதானவர்களுக்கு இந்த ஊரில் நல்ல மரியாதை என்று நினைத்து, நானும் தலையை நிமிர்த்தி "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

குசினியில் நான் சமையல் வேலை செய்ய, ஆரணி மேசையில் இருந்து வாசிப்பாள். சில நாட்களில் நான் காத்திருந்த பக்கம் வந்தது. தாவ்ரின் பனிக்குள்ளால் நடந்து வந்து தாயின் கதவைத் தட்டினான். தாய் ஒன்றும் கேட்காமல் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "அவன் அண்ணாந்து, வாய் படாமல், கடகடவெண்டு குடிச்சான். சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு" என்று வாசித்தாள் ஆரணி.

என் கை நின்றுவிட்டது. ஆறு பாகத்திலும் அந்த நாட்டில் ஒருவரும் அண்ணாந்து குடித்ததில்லை. எல்லாரும் கோப்பையில் வாய் வைத்துக் குடிக்கிற சனம். கழுத்தால் வழிய வழியக் குடித்து, சட்டையை நனைத்து, என்னிடம் ஏச்சு வாங்கினவன் குகன். அதை ஆரணிக்குச் சொன்னவள் நான். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வாசிக்கிறவர்களின் கண் வரியோடு ஓடும். அவளுடைய கண் ஒரே இடத்தில் நின்றது.

"பிள்ளை, இது புத்தகத்தில இருக்கோ?"

"இருக்கு."

"செம்பும் இருக்கோ?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"எத்தினை பக்கம் அவன்ரை சாவுக்கு?"

"பக்கமில்லை அம்மம்மா. ரெண்டு வரி." சபையில் வைத்து ராணி மெலோத் சொல்லுகிறாளாம்: சுரங்கத்தைத் திறந்து பார்த்தாயிற்று, கொண்டுபோனவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை, தாய்மார் வாசலை விட்டு வீட்டுக்குப் போகட்டும். அடுத்த வரியில் பாலத்துக் கதை. "ஆனா அவ நல்லவ அம்மம்மா. அழுதழுதுதான் சொன்னவ. வேற என்னத்தைச் சொல்லேலும் அவவால?"

"நல்ல ஆக்கள்தான் குஞ்சு அதைச் சொல்லவேணும். கூடாதவன் சொன்னால் ஆர் நம்புறது?"

கடைப் பெட்டையின் முகம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைக்காரருக்குப் புத்தகம் முன்னமே கிடைக்குமாம், அவள் வாசித்திருக்கிறாள். அவள் தந்தது மரியாதை இல்லை, துக்கம் விசாரித்திருக்கிறாள். குகனுக்காக ஒருவரையும் என்னிடம் துக்கம் விசாரிக்க நான் விட்டதில்லை. வாசலில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கே, பாஷை தெரியாத ஒரு பிள்ளையிடம், மெர்சி சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வதனியிடம் "அந்தியேட்டியைச் செய்" என்றேன். அவள் நிலத்தில் குந்திவிட்டாள். ஐயரிடம் கேட்டோம். திதி தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாமாம். ஆனால் பிண்டம் ஆற்றில் கரைக்க வேண்டும், ஆறு உறைந்து கிடக்கிறது, ஐஸ் உடையட்டும் என்கிறார். கீரிமலைக் கடலில் குதித்துக் குளித்தவன் குகன். யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? வாழ்நாளில் ஓர் ஆற்றை அவன் கண்டிருக்க மாட்டான். முதல் காணப்போகிற ஆறும் மூடிக்கிடக்கிறது. அங்கே மண் அவனைக் காட்டவில்லை, இங்கே தண்ணீர் இன்னும் திறக்கவில்லை. மாலை வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறாளா என்று நான் வதனியைக் கேட்கவில்லை. படம் இப்போதைக்கு டிவிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஆரணி, தட்டினது போதும். இனி முதலிலையிருந்து வாசி, கேப்பம். ஒருத்தன் வந்து தண்ணி குடிக்கிறதெண்டு புதுசா ஒண்டும் சேர்க்காதை. நான் சொன்னபடியே வாசி, பிள்ளை.