உள்ளங்கையில் வந்த நம்பர்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில, கம்பளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கிற என் கொமியூனிகேஷன் கடையில நடந்தது இது. போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், இதுதான் என் பொழப்பு.

மேல தேயிலைத் தோட்டத்துல இருந்து ஒரு பொம்பளப் பிள்ளை வந்துச்சு. நர்சிங் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அன்னைக்குத்தான் கடைசி நாள், நாலு மணியோட மூடிருவாங்க. விண்ணப்பிக்கிற வயசெல்லையும் அந்த வருஷத்தோட பிள்ளைக்கு முடியுது. எல்லாத்தையும் நிரப்பி முடிச்சா, பதிவு செஞ்ச போனுக்கு ஒரு நம்பர் அனுப்பியிருக்கோம், அதை அடிங்கன்னு வருது. போன் எங்கம்மான்னு கேட்டேன். வீட்டுக்கே ஒரு போன்தானாம். அம்மாவோட ஒபரேஷனுக்குத் திகதி சொல்ல ஆஸ்பத்திரியில இருந்து கோல் வரும்னு அப்பா அதோட தண்ணி டேங்க் மேட்டுல நிக்கிறாராம். அந்தத் தோட்டத்துல அங்க மட்டுந்தான் சிக்னல்.

என் போன்ல இருந்து அப்பாவுக்கு கோல் எடுத்தேன். ஒருவாட்டி கிடைச்சுச்சு. "மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க"ன்னேன். "இருங்க தம்பி"ன்னாரு. லைன் போச்சு. அதுக்கப்புறம் எத்தனை தடவை அடிச்சாலும் தொடர்பு கொள்ள முடியாதுன்னு ரெக்கோர்ட் குரல்தான். எனக்கு வந்த ஆத்திரத்துல மேசையைக் குத்தினேன். பிள்ளை சுவத்து மணிக்கூட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாலு மணியாச்சு. விண்ணப்பப் பக்கம் மூடிருச்சு.

கொஞ்ச நேரத்துல தொப்பலா நனைஞ்சுக்கிட்டு ஒருத்தர் கடைக்குள்ள வந்தாரு. இடது கையில பொலித்தீன் ஷொப்பிங் பேக்கை சுத்திக் கட்டியிருந்தாரு. அவுத்தா, உள்ளங்கையில போல்பொயின்ட் பேனையால எழுதின நம்பர்.

"லைன் கிடைக்கல தம்பி, அதான் பஸ்ஸைப் புடிச்சு நானே கொண்டாந்துட்டேன். ஆஸ்பத்திரி கோலும் வரணும்ல, போனை இவ அம்மாகிட்ட குடுத்துட்டு வந்தேன்."

அந்த நம்பர் சில நிமிஷத்துலேயே செத்துப்போயிருக்கும். அதை எந்த வாயால சொல்றது? பிள்ளை என்னைப் பாத்து வேணாம்னு தலையை ஆட்டுச்சு. அப்பாவோட கையைப் புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு இலக்கமா வாசிச்சுச்சு. மூடிப்போன பக்கத்துக்கு முன்னால உக்காந்து நான் சும்மா அடிச்சேன்.

"சரியா இருக்கா தம்பி?"

"சரியான நம்பர்தாண்ணே."

அவரு சிரிச்சுட்டு, கையை இடுப்புல கட்டியிருந்த சாரத்துல தொடைச்சுக்கிட்டாரு.

அந்தப் பிள்ளை இப்ப கொழும்புல ஒரு வீட்டுல வேலை செய்யுது. கெலிஓயாவுல என் வீட்டுல நான் கட்டில்ல படுத்துக்கிட்டே போன்ல படம் பாக்குறேன், அந்த மேட்டுல இன்னும் யாராவது போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. என் போனுக்கு அப்படியொரு நம்பர் வந்து விழுறப்ப எல்லாம், நனையாம அவரு பொத்திக் கொண்டுவந்த அந்தக் கை ஞாபகம் வந்து, கொஞ்ச நேரத்துக்கு எனக்கு எதையும் அடிக்க முடியிறதில்ல.