மேடைப் பேச்சாளருக்கு இன்று வந்த நாகரிகம்

இன்று காலை கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எங்கள் ஊரில் எதிரணிக்காகப் பேசும் மேடைப் பேச்சாளர்.

போன தேர்தலில், வருஷா வருஷம் தீ மிதிக்கும் என் மனைவியின் பெயரை மைக்கில் சொல்லி, "தீ மிதிக்கிற காலுக்கு இருக்கிற தைரியம் மூளைக்கு இல்லியே" என்று கேலி செய்தவர் இவர்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் அதற்குப் பிறகு தீ மிதிக்கவே இல்லை.

இப்போது, மகனின் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டி இவர் மனைவி பால்குடம் தூக்கிய போட்டோ எங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் கேலிப்பொருளாகிவிட்டது. குரூப் அட்மின் நான்.

"அண்ணே, அத எடுத்துடுங்கண்ணே. வூட்ல அழுதுக்கினே இருக்கா. அரசியல்ல ஒரு நாகரிகம் வேணாமா?"

"மைக்க புடிச்சிக்கினு நின்னியே, அன்னிக்கு அது எங்க போச்சு?"

"அது மேடைப் பேச்சுண்ணே. அதப் போயி இன்னும் மனசுல வெச்சிக்கினு இருக்கீங்களே!"

"என் பொண்டாட்டிகிட்ட 'இது வெறும் மேடைப் பேச்சு'ன்னு யாரும் சொல்லலியேப்பா. அன்னிக்கு சிரிச்ச அதே ஜனந்தான் இப்பவும் சிரிக்குது. நீதான சிரிக்கக் கத்துக்குடுத்த?"

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். எனக்குப் பாவமாக இல்லை.

எங்கள் வீடுகளில் மரியாதையைச் சோற்றோடு ஊட்டி வளர்க்கிறோம். அடி வாங்கிய பிறகு கடைக்கு ஓடிப்போய் வாங்கும் சாமான் இல்லை அது.

போட்டோவை நான் குரூப்பிலிருந்து நீக்கவில்லை. தப்பென்றால் கமெண்ட்டில் திட்டுங்கள். நாகரிகமாகத் திட்ட வேண்டுமென்று அவசியமில்லை.